மீமிசலுக்கு அக்கா அனுப்பிய குடில்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று வந்து கூடியிருக்கும் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன். அக்காவைப் பற்றி இந்த மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். கீரமங்கலத்தில் பூக் கமிஷன் கடை வைத்திருப்பவனிடம் கட்டுரை கேட்டால் எப்படி வருமோ அப்படித்தான் இது வரும். எழுதுவதற்கு முன் வீட்டில் கிடந்த மற்ற நினைவு மலர்களை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் இறந்தவர்கள் பொறுமையின் மறு உருவமாகவே வாழ்ந்திருக்கிறார்கள். எங்கள் அக்காவைப் பொறுமைசாலி என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஆனாலும் நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. போன வருடம் துக்கத்தன்று, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம் சொந்தக்காரர்கள் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. "பெத்தவ சாகக் கெடந்தப்ப எட்டிப் பாக்காதவ, இப்ப மட்டும் வந்து அழுவுறா பாரு" என்று அக்காவின் ஒரே மகள் நித்யாவைப் பற்றிச் சொன்னார்கள். அன்றைக்கு வாய் திறக்க எனக்குத் தெம்பில்லை. நடந்தது என்ன என்பதை இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அக்கா கீரமங்கலத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால், பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அம்மா தோட்டத்தைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தார். குளிப்பாட்டியது, அடித்தது, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய்த் தள்ளியது எல்லாம் அவர்தான். விடியற்காலையில் பறித்து வந்த முல்லையையும் காக்கரட்டானையும் மடியில் கொட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே கட்டுவார். வாய் ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். இரண்டும் நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு திருக்கோகர்ணத்தில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்த அத்தானுக்கு அக்காவைக் கொடுத்தோம். கடை ஒரு வருடம் ஓடும், ஒரு வருடம் படுக்கும். படுத்த வருடங்களில் அக்கா ரவிக்கை தைத்தார். கல்யாண வீடுகளுக்கு ஆரத்தித் தட்டும் சீர்வரிசைத் தட்டும் அலங்காரம் செய்து கொடுத்தார். வெறும் வாழைநாரையும் ஜரிகைத் துண்டையும் கொடுத்தால் மயில் செய்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தட்டைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பெரும் புயல் வந்து எங்கள் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்த வருடம், சாய்ந்த மரங்களைப் பார்த்துப் பார்த்தே அம்மா படுத்துவிட்டார். அக்காதான் வந்து கூடவே இருந்து கடைசி வரை பார்த்தார். எங்கள் வீட்டில் யார் சாகக் கிடந்தாலும் பக்கத்தில் அக்கா இருந்தார். அவர் கிடந்தபோது பக்கத்தில் இருக்க வேண்டியவளைத்தான் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை.

நித்யா வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. செல்லம் என்றால் அப்படி ஒரு செல்லம். புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது கடற்கரை ஊரான மீமிசலைச் சேர்ந்த சேவியரோடு பழக்கம் ஏற்பட்டது. பையன் நல்லவன். படித்துவிட்டு ஊரில் மீன் ஏற்றி அனுப்பும் தொழில் செய்கிறான். வேறு மதம், வேறு சாதி என்று அத்தான் குதித்தார். நித்யா ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பிறகு சேவியர் வீட்டாரின் மாதா கோயிலிலும் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று அத்தான் சாமி அறையில் சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"இனிமே அவகிட்ட பேச மாட்டேன், எழுத மாட்டேன்னு சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு. இல்லன்னா என் பொணத்தத்தான் பாப்ப."

"வேணாம் அத்தான், இது நல்லா இல்லீங்க" என்று குறுக்கே போனேன்.

"நீ அங்கிட்டுப் போ மாப்ள" என்று தள்ளிவிட்டார்.

எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிற அக்கா அன்று போய்ச் சூடத்தின் முன்னால் நின்றார். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஊரில் எத்தனையோ பேர் சத்தியம் பண்ணுகிறார்கள், மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். எங்கள் அக்கா சொன்ன சொல்லை மாற்றாதவர். நினைவு மலரில் பெருமையாக எழுத வேண்டிய குணம்தான் அது. என்னைக் கேட்டால், அந்த நல்ல குணம் நாசமாய்ப் போகட்டும்.

மூன்று வருடம் அக்கா நித்யாவோடு பேசவில்லை. இடையில் கால் வீங்கியது, முகம் வீங்கியது, சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நான் கீரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கூடப் போவேன். கடையில் ஆள் இல்லாத நாட்களில் எரிச்சலோடுதான் போவேன், அதையும் மறைக்கவில்லை.

அவர் இறப்பதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு காலையில் நித்யா என் போனுக்குக் கூப்பிட்டாள். "மாமா, நான் முழுகாம இருக்கேன். அம்மாட்ட சொல்லிருங்க. அம்மா பேச வேணாம், தெரிஞ்சா போதும்" என்றாள். அன்று டயாலிசிஸ் நாள். இயந்திரத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்காவிடம் சொன்னேன். அசையக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்த கையை அசைத்துவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"எத்தனாவது மாசமாம்? வாந்தி இருக்காமா? சாப்புடுறாளாமா?"

"கேக்கலக்கா."

"கேக்காமப் போன வச்சிட்டியா, கூறுகெட்டவனே!"

திட்டி முடித்துவிட்டு அழுதார். பிறகு சிரித்தார். நித்யா போன பிறகு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஒனக்காக நான் பேசிச் சொல்லிர்றேன்க்கா, சந்தோசமா இருக்கன்னு" என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. "ஒன் வாயால சொன்னா என்ன, என் வாயால சொன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பிறகு, "கை இருக்குல்ல. கைக்கு நான் சத்தியம் பண்ணலயே" என்றார்.

வருகிற கிறிஸ்துமஸுக்கு நித்யா வீட்டுக்குக் குடில் செய்து அனுப்புவது என்று அந்தப் படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டார். கிறிஸ்தவர்கள் வீட்டில் மாட்டுத்தொழுவம் போல ஜோடித்துப் பொம்மைகள் வைப்பார்கள் அல்லவா, அதுதான். அங்கே வேலை பார்த்த நர்ஸம்மா கிறிஸ்தவர். அவரிடமே விசாரித்தார்.

"ஏம்மா, ஒங்க குடில்ல மொத்தம் எத்தன பேரு இருப்பாங்க?"

"மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, ராஜாங்க மூணு பேரு, ஆட்டுக்காரங்க, ஆடு, மாடு, ஒட்டகம்..."

"ஒட்டகம் வேறயா!" என்று என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்ட மாதிரி.

கார்த்திகை முழுவதும் அந்த வேலைதான். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் குடில் பொம்மைகள் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, முதுகில் துணி எப்படி மடிகிறது என்று பார்ப்பார், வைத்துவிட்டு வருவார். மறுபடியும் போவார். "வாங்குறீங்களா, இல்ல பாக்க மட்டும் வந்தீங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்டேவிட்டார். "பாக்கத்தான் வந்தேன். ஒங்க பொம்மைக்கு மூக்கு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா.

வேலை எளிதாக இல்லை. விரல்கள் வீங்கி ஊசி பிடிக்க வராது. டயாலிசிஸ் முடிந்த மறுநாள்தான் கொஞ்சம் வீக்கம் வடிந்து கை வசமாகும், அந்த ஒரு நாளில் தைத்தால்தான் உண்டு. உடம்புக்குப் பழைய வேட்டித் துணி, உள்ளே பஞ்சு. தொழுவத்துக்குத் தென்னை மட்டையும் வைக்கோலும் நான் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். குழந்தையைக் கிடத்தக் கொட்டாங்குச்சியில் ஒரு தொட்டில். ஒட்டகம் கன்றுக்குட்டிக்கு முதுகில் கட்டி வந்தது போல இருந்தது. சிரித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாதாவுக்கு நீல உடுப்பு வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அக்கா பீரோவைத் திறந்து, நித்யா சின்னப் பிள்ளையில் கட்டிய நீலப் பட்டுப்பாவாடையை எடுத்து வெட்டினார். மாதாவுக்கு மூக்குத்தி வைத்தார், கழுத்தில் மஞ்சள் கயிறும் கட்டினார்.

"அவங்க சாமிக்கு இதெல்லாம் கிடையாதுக்கா" என்றேன்.

"கட்டிக்கிட்ட புருஷன் பக்கத்துல நிக்கிறான். கழுத்து மூளியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அத்தான் இதையெல்லாம் பார்த்தார். பார்த்தும் பார்க்காதவர் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். யாருக்கு என்று கேட்கவே இல்லை.

பொம்மைகள் எல்லாம் முடிந்தபோது ஒன்றுக்கும் கண் இல்லை. புருவம் இருந்தது, உதடு இருந்தது, கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை எடுக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். குதிரையைச் செய்யும் வேளார் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைப்பார். குதிரை எடுக்கும் நாளன்று, பூசை போட்ட பிறகுதான் கண் திறப்பார். அதுவரை அது மண், அதன் பிறகு சாமி. அக்கா அதே முறையைத்தான் செய்திருந்தார்.

"சாமி பொம்மைக்கு நான் இங்க ஒக்காந்து கண்ணு வைக்கக் கூடாதுடா. எந்த வீட்டுல இருக்கப் போவுதோ அந்த வீட்டுலதான் தொறக்கணும். நித்யா தொறப்பா."

"அவளுக்கு இது புரியுமா?"

"ஒன் தோள்ல ஒக்காந்து குதிரைக்குக் கண்ணு தொறக்குறதப் பாத்த புள்ளடா அது. கையில எடுத்த ஒடனே தெரிஞ்சுக்குவா. தெரிஞ்சுக்கிட்டு அம்மான்னு ஒரு போன் போடுவா. நான் பேச மாட்டேன், கேட்டுக்கிட்டு இருப்பேன். கேக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணலயே."

கண் எழுதுவதற்கு வீட்டிலேயே மை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் வைத்தார். மீந்ததைப் பிறக்கப் போகும் குழந்தைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்றார். வைக்கோலில் பூச்சி வராமல் இருக்க வேப்பிலையைக் கொத்தாகப் போட்டார். பெட்டியின் மேல் இரண்டு வீட்டு முகவரியையும் என்னை எழுதச் சொன்னார், எழுத மாட்டேன் என்றும் சத்தியத்தில் உண்டு. "பார்சல் வருதுன்னு அவகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று என்னிடமும் உறுதி வாங்கிக்கொண்டார். நான்தான் கொரியரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று பூவுக்கு நல்ல கிராக்கி. கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத் திருக்கோகர்ணம் வந்தேன். அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீரை ஆய்ந்தார். ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தார். ஒரு தடவை போன் அடித்தது. பதறி எடுத்துக் காதில் வைத்தார், லோன் வேண்டுமா என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். கோயிலுக்குப் போயிருப்பாள் என்றார். விருந்தாளிகள் வந்திருப்பார்கள் என்றார். சாயங்காலம் ஆனதும் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நான் வாசலுக்கு வந்து ஒளிந்துகொண்டு நித்யாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரிங் போய்க் கட் ஆனது. கடற்கரைப் பக்கம் டவர் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "நான் நேர்ல போயிக் கேட்டுட்டு வாரேன்க்கா" என்றேன். "கேட்டு வாங்குற பேச்சு எனக்கு வேணாம்" என்றார். டயாலிசிஸுக்கு ஆட்டோ வந்து நின்றபோது, வரமாட்டேன் என்று கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் கத்தினேன். அத்தான் கெஞ்சினார். நர்ஸம்மா போனில் பேசிப் பார்த்தார். "ஊசி குத்துனது போதும். எல்லாரும் போயி ஒங்க வேலயப் பாருங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு மனுஷி சாவது என்று தீர்மானித்துப் படுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பொங்கல் வந்து போனது, எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். அன்று காலையில்தான் அத்தான் உடைந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வாங்குன சத்தியத்த நானே திருப்பி எடுத்துக்கிறேன். புள்ளட்ட பேசு, பேசிரு" என்று அழுதார். தன் போனிலிருந்து அவரே நித்யாவுக்குப் போட்டு அக்காவின் காதில் வைத்தார். ஒரு ரிங் போய்க் கட் ஆனது. மறுபடியும் போட்டார். அதே கதை. அக்கா போனைக் கையால் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினேன்.

அறந்தாங்கியில் பஸ் மாறி மீமிசல் போய், விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் சேவியரின் அம்மா நின்றிருந்தார். நித்யாவின் தாய்மாமன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கதவை மறித்துக்கொண்டார்.

"பொம்ம அனுப்புன வீட்டு ஆளா நீங்க? இங்கிட்டு வராதீங்க. புள்ளத்தாச்சி உள்ள இருக்கா."

"பொம்மைக்கு என்னங்க?"

"என்னவா? கண்ணே இல்லாத பொம்ம அனுப்பிருக்காங்க! அத்தன மூஞ்சியும் மொழுக்குனு இருக்கு. பச்சப் புள்ள பொம்மைக்கும் கண்ணு இல்ல. மாதா கழுத்துல மஞ்சக் கயிறு. வேப்பல. டப்பால கருப்பா என்னமோ மை. வயித்துப் புள்ளக்காரிக்கு இத எவளாச்சும் நல்ல மனசோட அனுப்புவாளா? பெத்த மகளுக்கே செய்வென வச்சு அனுப்பிருக்காளே அந்தப் பொம்பள!"

"அத என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"கொல்லையில போட்டுக் கொளுத்துனேன். கோயில்லேர்ந்து தீர்த்தம் வாங்கியாந்து வீடு பூராத் தெளிச்சேன். அங்கேருந்து வர்ற போனு ஒண்ணையும் எடுக்கக் கூடாதுன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன்."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குதிரைக்குக் கண் திறப்பதைச் சொன்னேன். மை எதற்கு, வேப்பிலை எதற்கு, மஞ்சள் கயிறு எதற்கு என்று சொன்னேன். சத்தியத்தைச் சொன்னேன். அக்கா படுத்திருக்கும் நிலையையும் சொன்னேன். கேட்கக் கேட்க அந்த அம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். "எனக்கு என்னய்யா தெரியும்? ஒரு புள்ளயக் கடல்ல குடுத்தவ நானு. இந்த வாரிசாச்சும் நல்லா வரணும்னு பயந்துட்டேன்யா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன். எப்படித் திட்டுவது? அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லையே.

பார்சல் வந்த அன்று நித்யா செக்கப்புக்குப் போயிருந்திருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் சாம்பல். கண்ணில்லாத பொம்மைகளை அம்மா அனுப்பினார் என்று மாமியார் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். மூன்று வருடம் ஒரு சொல் பேசாத அம்மா வேறு என்ன அனுப்புவார் என்று நினைத்திருப்பாள். நான் சொன்னதை எல்லாம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள்.

"மாமா, மாதாவுக்கு என்ன துணி போட்டுச்சு அம்மா?"

"ஒன்னோட நீலப் பட்டுப்பாவாட."

அவள் அழவில்லை. போய்ச் சேவியரைக் கூப்பிட்டாள். அவன் எங்கிருந்தோ ஒரு கார் பிடித்து வந்தான். நாங்கள் அறந்தாங்கியைத் தாண்டவில்லை, அத்தான் போன் செய்தார். "போயிட்டா மாப்ள" என்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே நித்யா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

வயிற்றுப் பிள்ளையோடு சாவு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அன்று சிலர் அவளைத் தடுத்தீர்கள். அவள் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் பாக்கலம்மா, பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பந்தலில் இருந்தவர்களுக்கு அது வெறும் அழுகையாகக் கேட்டிருக்கும். என்ன சொன்னாள் என்பதும் ஏன் சொன்னாள் என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும். பிறந்த வீட்டுக் கோடியை நான் போர்த்தினேன். மகள் வாய்க்கரிசி போட்டாள். பேச ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேருக்கும் கடைசியில் கிடைத்தது அந்தப் பிடி அரிசிதான். கடவுள் என்று ஒருவர் இருந்தால், எந்த மதத்துக்காரராக இருந்தாலும், இதற்கு எனக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடமாகக் கேட்கிறேன், பதில் வரவில்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். டயாலிசிஸ் வார்டில் அக்காவின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கு நன்றி. அழைத்த நேரத்துக்கெல்லாம் வந்து நின்ற ஆட்டோக்காரருக்கும், கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. கார் ஓட்டி வந்த மருமகன் சேவியருக்கு நன்றி. காரியங்கள் முடியும் வரை எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக் கொடுத்த சேவியரின் அம்மாவுக்கும் நன்றி. அந்தப் பொம்மைகளைக் கொளுத்தியதற்காக அவரை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் தன்னைத்தானே சொல்லிக்கொள்வது போதும்.

சித்திரையில் நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மீமிசல் போகலாமா என்று அத்தானே கேட்டார். கடையில் மிஞ்சிய செம்புக் கம்பியை வளைத்து வளைத்து, பல நாள் உட்கார்ந்து தன் கையால் ஒரு நட்சத்திரம் கட்டியிருந்தார். ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நித்யா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாழை இலை போட்டுச் சாப்பாடு போட்டாள். பேத்தியைத் தூக்கி வந்து தாத்தாவின் மடியில் உட்கார வைத்தாள். என்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள். அத்தானிடம் பேசவில்லை. "நித்யா, ஒப்பன் செஞ்சதும்மா" என்று அவர் நட்சத்திரத்தை நீட்டியபோது, அவள் இரண்டு கையாலும் வாங்கிச் சேவியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன்தான் அதை வாசலில் மாட்டினான். அக்கா போன நாளிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

திரும்பும்போது பஸ் ஆவுடையார்கோவிலைத் தாண்டும் வரை அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எம்புட்டு நாளைக்கு மாப்ள பேசாம இருப்பா?" என்று கேட்டார். அக்கா பேசாமல் இருந்த மூன்று வருடத்தை நினைத்துக்கொண்டேன். நித்யா எங்கள் அக்கா பெற்ற பிள்ளை.